மருந்தைச் சோதிப்பது யாருடைய உடலில்?

மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. பாடசாலைப் புத்தகங்களிலும் அவ்வாறே. பல்கலைக்கழக விரிவுரைகளிலும் அவ்வாறே. எட்வேட் ஜென்னர் அம்மைப்பாலைக் கண்டார் என்று நாம் கற்கிறோம், கற்பிக்கிறோம். 1796 ஆம் ஆண்டு மே மாதம் 14 ஆம் திகதி அந்த அம்மைப்பாலைத் தன் கையில் ஏற்றவன் யார் என்று கேட்பவர் மிகச் சிலரே. அவன் எட்டு வயதுச் சிறுவனாகிய ஜேம்ஸ் பிப்ஸ். ஏழைக் கூலியாளொருவரின் மகன். அவன் தந்தை ஜென்னரின் தோட்டத்தில் வேலை செய்தவர். சில கிழமைகள் கழித்து ஜென்னர் அச்சிறுவனின் உடலில் பெரியம்மைச் சீழையே ஏற்றிப் பார்த்தார். சிறுவன் பிழைத்தான், மனித குலம் பெரும் பயன் அடைந்தது. எனினும், அச்சோதனைக்கு ஒரு பிரபுவின் மகன் அழைக்கப்படாமல் தோட்டத் தொழிலாளியின் மகன் அழைக்கப்பட்டமை தற்செயலாக நேர்ந்ததென்று நாம் கொள்வதற்கில்லை.

இக்கேள்வியை இன்று மீண்டும் எழுப்புவதற்குக் காரணம் உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து விஞ்ஞானத்தின் இரு துறைகள் ஒன்றையொன்று நெருங்கி வந்துள்ளன. ஒன்று, மனிதரின் கலங்களிலிருந்து ஈரல், குடல், மூளை முதலிய உறுப்புகளின் மிகச் சிறு மாதிரிகளை ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுக்கும் துறை. மேனாட்டார் 'ஓர்கனொயிட்' என வழங்கும் இவற்றை நாம் சிற்றுறுப்புகள் எனலாம். மற்றையது, கண்ணுக்குப் புலப்படாத நனோத் துகள்களில் மருந்தைப் பொதிந்து உடலினுள் அனுப்பும் துறை. இன்று நுண்மருந்தைச் சிற்றுறுப்பில் இட்டுச் சோதிக்கின்றனர். மனிதர்மேல் நடத்த வேண்டிய சோதனையின் ஒரு பகுதி மனிதருக்கு வெளியே நடைபெறத் தொடங்கியிருக்கிறது. இதன் பெறுமதியை அளக்க வேண்டுமாயின், இதற்கு முன் அச்சோதனையின் சுமையைத் தாங்கியோர் யாவர் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

அவர்கள் அடிமைகள், சிறைக் கைதிகள், அநாதைகள், கறுப்பு மக்கள், குடியேற்ற நாட்டு மக்கள். இரண்டாவது உலக யுத்த காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து ஸ்ரேற்வில் சிறைச்சாலையில் நானூறுக்கு மேற்பட்ட கைதிகளுக்கு மலேரியாக் கிருமி ஏற்றப்பட்டுப் புதிய மருந்துகள் சோதிக்கப்பட்டன. பின்னர் நூரம்பேர்க் நகரில் நாசி வைத்தியர்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றபோது, அவர்களுக்காக வாதாடியோர் இந்தச் சிறைச்சாலைச் சோதனைகளையே எடுத்துக்காட்டினர். 1947 ஆம் ஆண்டு அந்த வழக்கின் தீர்ப்போடு வெளிவந்த நூரம்பேர்க் நெறிமுறை, சோதனைக்கு உட்படுபவரின் சுயேச்சையான சம்மதம் இன்றியமையாதது என்று முதலாவது விதியாகவே கூறிற்று. ஆனால் அதே ஆண்டிலும், அதற்குப் பின் இருபத்தைந்து ஆண்டுகள் வரையிலும், அலபாமா மாநிலத்தின் டஸ்கீகிப் பகுதியில் அறுநூறு கறுப்பு ஆண்கள் தம்மை அறியாமலே ஓர் அரசாங்க ஆய்வின் பொருள்களாக இருந்தனர். அவர்களுள் 399 பேர் மேகநோயால் பீடிக்கப்பட்டவர்கள். அந்நோய்க்குப் பெனிசிலின் கண்கண்ட மருந்தென்று நிலைநாட்டப்பட்ட பின்பும் அது அவர்களுக்கு வழங்கப்படவில்லை. நோய் தன் போக்கில் உடலை எவ்வாறு அழிக்கிறது என்பதைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார்கள். 1932 இல் தொடங்கிய இக்கொடுமை 1972 இலேதான் முடிவுற்றது.

சம்மதம் பெறாத சோதனை ஒருபுறமிருக்க, சோதனையே இன்றிச் சந்தைக்கு வந்த மருந்துகளும் உயிர்களைப் பலிகொண்டன. 1937 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அமெரிக்க நிறுவனமொன்று சல்பனிலமைட் என்ற மருந்தை இனிப்பான பானமாக்கி விற்றது. மருந்தைக் கரைப்பதற்கு அது பயன்படுத்திய டைஎதிலீன் கிளைக்கோல் ஒரு நஞ்சு. நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பலர் குழந்தைகள். விற்பனைக்கு முன் மருந்தைச் சோதிக்க வேண்டுமென்று அன்று சட்டம் இல்லை. ஆதலால் அந்நிறுவனத்தின்மீது சுமத்த முடிந்த குற்றம், மதுசாரம் கலவாத பானத்துக்கு மதுசாரக் கரைசலைக் குறிக்கும் பெயரைச் சூட்டியது என்பதே. பெயரில் பிழை கண்ட சட்டத்துக்குப் பிணங்களில் பிழை காண வழியில்லாதிருந்தது. இந்த அவமானத்தின் பின்னரே, 1938 இல், மருந்து தீங்கற்றதென விற்பனைக்கு முன் காட்ட வேண்டுமென்ற சட்டம் பிறந்தது. விலங்குச் சோதனை மருந்துத் தொழிலின் கட்டாயக் கட்டமாகியது அச்சட்டத்தின் வழியாகவே.

விலங்குகள் எத்தனையோ மனித உயிர்களைக் காத்துள்ளன. இதை மறுப்பது நன்றிகெட்ட செயலாகும். போலியோத் தடுப்பு மருந்துக்காக 1950களில் இந்தியக் காடுகளிலிருந்து ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான குரங்குகள் அமெரிக்காவுக்கு விமானமேற்றப்பட்டன. இந்திய அரசு 1955 இல் அவ்வேற்றுமதியைச் சிலகாலம் நிறுத்தியது. 1978 இல் முற்றாகத் தடைசெய்தது. ஆனால் விலங்கு மனிதனன்று. 1957 இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட் என்ற தூக்க மருந்து, 1961 இன் முடிவில் மீளப் பெறப்படுவதற்குள், கைகால் குறைபட்ட பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறப்பதற்குக் காரணமாயிற்று. கருவுற்ற விலங்குகளில் அது முறையாகச் சோதிக்கப்பட்டிருக்கவில்லை. பின்னர் சோதித்தபோது, முயலின் கருவையும் குரங்கின் கருவையும் சிதைத்த அம்மருந்து எலியின் கருவைப் பெரிதும் விட்டுவிட்டமை தெரியவந்தது. 1993 இல் பியாலூரிடின் என்னும் ஈரல் நோய் மருந்தை ஏற்ற பதினைந்து பேரில் ஐவர் இறந்தனர். அதற்குமுன் நடந்த விலங்குச் சோதனைகள் அந்த நஞ்சை வெளிக்காட்டவில்லை. 2006 இல் இலண்டனில், விலங்குக்குத் தீங்கற்றதெனக் கண்ட அளவின் ஐந்நூறில் ஒரு பங்கு மருந்தை ஏற்ற ஆறு இளைஞர்கள் சில மணி நேரத்தில் மரணத்தின் வாசலுக்குச் சென்று மீண்டனர். அவர்களுக்குப் பேசப்பட்ட கூலி இரண்டாயிரம் பவுண். சிறைச் சுவர் இருந்த இடத்தில் இப்போது கூலி இருந்தது.

இத்தகைய நெருக்கடிகளுக்கு விடைதேடிய பாதைகளுள் ஒன்று உடலுக்கு வெளியே உயிர்க்கலங்களை வளர்க்கும் பாதை. 1907 ஆம் ஆண்டு ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் றொஸ் ஹரிசன் தவளையின் நரம்பிழையத்தை ஒரு துளி நிணநீரில் தொங்கவிட்டு, நரம்பு நார்கள் வளர்வதைக் கண்ணாற் கண்டார். அதே ஆண்டில் வட கரோலினாவில் எச். வி. வில்சன் கடற்பஞ்சு ஒன்றைப் பட்டுத்துணியின் வழியே பிழிந்து தனித்தனிக் கலங்களாக்கினார். சிதறிய கலங்கள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து மீண்டும் முழுக் கடற்பஞ்சாயின. கலங்களுக்குள் கட்டமைப்பின் நினைவு உறைந்துள்ளது என்ற இந்த உண்மையே, ஏறத்தாழ நூறு ஆண்டுகளின் பின் சிற்றுறுப்புகளுக்கு அடித்தளமாயிற்று.

அந்நூறாண்டின் நடுவே ஒரு பெண்ணின் பெயர் நிற்கிறது. வேர்ஜினியாவின் புகையிலை வயல்களில் உழைத்த கறுப்புப் பெண்ணான ஹென்றியெற்றா லக்ஸ், 1951 இல் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயுடன் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலைக்குச் சென்றார். அவருடைய கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட கலங்கள், மனிதக் கலங்களுள் முதன்முறையாக, ஆய்வுகூடத்தில் முடிவின்றிப் பெருகின. அவரிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. அவர் அவ்வாண்டு ஒக்ரோபர் 4 ஆம் திகதி முப்பத்தொரு வயதில் மறைந்தார்; 'ஹீலா' எனப் பெயர்பெற்ற அவருடைய கலங்களோ உலகெங்கும் பரவின. போலியோத் தடுப்பு மருந்தைச் சோதிப்பதற்காக அக்கலங்கள் பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட இடம் டஸ்கீகி. ஒரே டஸ்கீகியில், ஒரே காலத்தில், ஒரு கறுப்புப் பெண்ணின் கலங்கள் குழந்தைகளைக் காக்கும் பணிக்கு உதவின. கறுப்பு ஆண்கள் மருந்து மறுக்கப்பட்டு நலிந்தனர். ஹீலாக் கலங்களை விற்றோர் செல்வம் சேர்த்தனர். லக்ஸ் குடும்பத்தாரோ நெடுங்காலம் அச்செய்தியையே அறியாதிருந்தனர். அக்குடும்பத்தாருக்கும் ஒரு பெரிய நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு 2023 இலேதான் இணக்கமாக முடிந்தது.

ஹீலா போன்ற கலங்கள் கண்ணாடித் தட்டில் ஒரு படலமாகப் பரவி வளர்பவை. உறுப்போ படலமன்று. ஈரலிலும் குடலிலும் பலவகைக் கலங்கள் முப்பரிமாணத்தில் ஒன்றோடொன்று இணைந்து, தத்தம் தொழிலைப் பங்கிட்டு இயங்குகின்றன. சமுதாயத்திலிருந்து பிரித்தெடுத்த தனிமனிதனைக் கொண்டு சமுதாயத்தை விளக்க முடியாதது போலவே, தட்டிலுள்ள தனிக் கலத்தைக் கொண்டு உறுப்பை விளக்குதல் இயலாது. இந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சியில் திருப்பம் ஏற்பட்டது 2009 இல். ஒல்லாந்தின் உற்றெக்ற் நகரில் ஹான்ஸ் கிளெவர்சின் ஆய்வுகூடத்தில் தொஷிறோ சற்றோ என்ற யப்பானிய ஆய்வாளர், சுண்டெலிக் குடலின் ஒரேயொரு மூலக்கலத்தைக் கூழ்போன்ற ஓர் ஊடகத்தில் வளர்த்தார். அது குடற்சுவரின் மடிப்புகளையும் அதன் பலவகைக் கலங்களையும் கொண்ட சிறு குடலாகியது. 2013 இல் வியன்னாவில் மடலின் லங்காஸ்ரரும் யூர்கன் நொப்லிச்சும் மனித மூளையின் தொடக்க நிலையை ஒத்த சிற்றுறுப்பை வளர்த்தனர். அதே ஆண்டில் யப்பானில் ஈரல் அரும்புகள் தோன்றின. முதிர்ந்த தோற் கலத்தையும் மூலக்கலமாக மாற்றலாமென 2006 இலும் 2007 இலும் ஷின்யா யமனக்கா காட்டியிருந்தமை இவ்வேலைக்குப் பெருந்துணையாயிற்று. பெரும்பாலான சிற்றுறுப்புகள் ஒரு கடுகளவினைத் தாண்டுவதில்லை. ஆயினும் அக்கடுகினுள் ஒரு குறிப்பிட்ட மனிதரின் பரம்பரை இயல்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

மறுபுறத்தில் நுண்மருந்தின் கதையும் வளர்ந்து வந்தது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். 1960களின் தொடக்கத்தில் கேம்பிறிட்ஜின் அருகே பாப்ரகமில் அலெக் பாங்கம், கொழுப்பு மூலக்கூறுகள் நீரில் தாமாகவே நுண்ணிய பைகளாக மூடிக்கொள்வதை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கண்டார். லிப்போசோம் எனப்படும் அப்பைகளில் மருந்தைப் பொதிந்தால், நஞ்சும் நன்மையும் ஒருங்கே கொண்ட மருந்தை உடலின் மற்றப் பாகங்களுக்கு ஊறின்றிச் செலுத்தலாம் என்ற எண்ணம் பிறந்தது. 1995 இல் டொக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து, ஏறத்தாழ நூறு நனோமீற்றர் அளவுள்ள பைகளில் அடைக்கப்பட்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2020 இல் கொரோனாத் தொற்றுக்கு எதிராக வந்த ஆர்.என்.ஏ. தடுப்பு மருந்துகளும் இத்தகைய கொழுப்புத் துகள்களிலேயே பயணம் செய்தன.

ஆனால் துகள், சாதாரண மருந்து போல நடந்துகொள்வதில்லை. இரத்தத்தில் புகுந்தவுடனே புரதங்கள் அதன்மீது ஒட்டிப் புதியதோர் உறையாகின்றன. கலங்கள் காண்பது வேதியியலாளர் செய்த துகளையன்று, அந்த உறையையே. ஈரலின் விழுங்கு கலங்களும் மண்ணீரலும் துகள்களைப் பற்றிக்கொள்கின்றன. புற்றுக்கட்டியின் இரத்தக் குழாய்கள் ஒழுக்குள்ளவை, ஆதலால் துகள்கள் அங்கே குவியும் என்று 1986 இல் யப்பானில் மற்சுமுறாவும் மயேதாவும் காட்டியமை பெரும் நம்பிக்கையூட்டிற்று. ஆயினும் பத்தாண்டு காலத்து விலங்காய்வுகளைத் தொகுத்து 2016 இல் வெளிவந்த ஒரு கணிப்பு, உட்செலுத்திய துகள்களில் நூற்றுக்கு 0.7 பங்கே கட்டியை அடைவதாகக் கண்டது. ஆயிரத்தில் ஏழு. மற்றை 993 எங்கே செல்கின்றன, அங்கே என்ன செய்கின்றன என்பதே நுண்மருந்தின் பாதுகாப்புப் பற்றிய முதற் கேள்வி. சிற்றுறுப்பு அதற்கு விடைகூற வல்லதா?

இதற்குச் சிறந்த உதாரணமொன்று 2010 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. டன் ஹூ, டொனல்ட் இங்பர் ஆகியோரும் தோழர்களும் விரலளவான, ஒளிபுகும் சிலிக்கன் இறப்பர்த் துண்டொன்றில் இரு நுண் வாய்க்கால்களை அமைத்தனர். அவற்றினிடையே துளைகள் நிறைந்த மென்படலம். அதன் ஒருபுறம் மனித நுரையீரலின் காற்றறைக் கலங்கள், மறுபுறம் இரத்தக் குழாய்க் கலங்கள். பக்கங்களில் வெற்றிடத்தை உண்டாக்கியும் நீக்கியும் அப்படலத்தை மூச்சுவிடுவது போல இழுத்துத் தளர்த்தினர். இதுவே 'சில்லில் அமைந்த நுரையீரல்'. 12 நனோமீற்றர் அளவான சிலிக்காத் துகள்களை அதில் இட்டபோது, படலம் அசையாதிருந்த வேளையிலும் பார்க்க மூச்சசைவு இருந்த வேளையில் துகள்கள் கூடுதலாக உட்புகுந்தன. கலங்களின் அழற்சியும் கூடியது. சுண்டெலியின் நுரையீரலிலும் அவ்வாறே நிகழ்வதைப் பின்னர் உறுதிசெய்தனர். அசைவற்ற கண்ணாடித் தட்டில் அத்துகள் அந்த அளவுக்குத் தீங்கு காட்டியிராது. உயிரின் இயக்கத்தை நீக்கிவிட்டு உயிரைச் சோதித்தால் பொய்யான ஆறுதலே கிடைக்கும் என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் இப்புதுமையை மந்திரமாக்குதல் விஞ்ஞான மனப்பான்மையாகாது. பெரும்பாலான சிற்றுறுப்புகளுக்கு இரத்தக் குழாய் இல்லை. ஆகவே சற்றுப் பெரிதானவுடன் நடுப்பகுதிக்கு ஒட்சிசன் எட்டாமல் கலங்கள் மடிகின்றன. ஈரலின் விழுங்கு கலங்கள் இல்லாத ஈரற் சிற்றுறுப்பு, துகள்களைப் பற்றும் கலங்களையே இழந்த ஈரலாகும். குடற் சிற்றுறுப்பின் உட்புறம் மூடிக்கிடப்பதால், உணவு செல்லும் பக்கத்தில் மருந்தை வைப்பதற்கு நுண்ணூசி வேண்டும். அல்லது, 2019 இல் ஸ்ரான்போட்டில் செய்துகாட்டியது போல, அதன் உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்ப வேண்டும். சிற்றுறுப்பு வளரும் கூழே துகள்களை வழியில் தடுத்துவிடுவதும் உண்டு. மற்றிஜெல் எனப்படும் அக்கூழ் சுண்டெலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்படுவது. விலங்கின் இடத்தில் வைக்கப்படும் பொருளே விலங்கை நம்பி வளர்கிறது என்பதை மாணவர் மறத்தலாகாது.

தொழில்நுட்பக் குறைகள் காலத்தால் தீரக்கூடியவை. தாமாகத் தீராத குறைகள் வேறு. அவை உடைமையைச் சார்ந்தவை. ஈரற் சில்லுகள் 870 ஐக் கொண்டு 27 மருந்துகளை ஆராய்ந்து 2022 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஈரலுக்கு நஞ்சான மருந்துகளில் நூற்றுக்கு 87 பங்கினை அச்சில்லுகள் இனங்கண்டதாகவும், தீங்கற்ற எதனையும் நஞ்செனத் தவறாகக் கூறவில்லையெனவும் அறிவித்தது. நற்செய்திதான்; ஆனால் அவ்வாய்வை நடத்தியோர் அச்சில்லுகளைச் செய்து விற்கும் நிறுவனத்தார். அதே ஆண்டு திசெம்பரில் அமெரிக்கா, விலங்குச் சோதனையை இன்றியமையாததாக்கிய 1938 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிபந்தனையை நீக்கிற்று. தராசைச் செய்பவனும் சரக்கை நிறுப்பவனும் ஒருவனேயாகாதபடி காப்பது யார்? மக்களுக்குப் பொறுப்பான ஆய்வுகூடங்கள் இதே சோதனைகளைத் தாமே மீண்டும் நடத்தி, முடிவுகளை வெளிப்படையாக்கினாலன்றி, 1937 இன் பாடம் வீணாகும்.

இரண்டாவது கேள்வி, சிற்றுறுப்பு யாருடைய கலத்திலிருந்து வளர்கிறது என்பது. ஸ்ரேற்வில் சிறையில் பிறைமாகுவின் என்ற மலேரியா மருந்தைச் சோதித்தபோது, சில கறுப்புக் கைதிகளின் செங்கலங்கள் சிதைந்தன. அதன் காரணத்தைத் தேடியே 1956 இல் ஜி6பிடி என்ற நொதியத்தின் பரம்பரைக் குறைபாடு கண்டறியப்பட்டது. ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் மலேரியா நிலவிய நாடுகளில் இக்குறைபாடு பரவலாக உண்டு. 2016 இல் மலேரியாவற்ற நாடெனச் சான்றுபெற்ற நம் நாடும் அத்தகைய மண்ணே. ஒரு மக்கட் கூட்டத்துக்குத் தீங்கற்ற மருந்து மற்றொன்றுக்கு நஞ்சாகலாம். எனவே கலவங்கிகளில் செல்வந்த நாட்டாரின் கலங்களே நிறைந்திருக்குமாயின், அங்கே தீங்கற்றதென முத்திரை பெற்ற நுண்மருந்தின் உண்மையான சோதனை ஏழை நாட்டு நோயாளியின் உடலிலேயே நிகழும். நம் கலங்களும் அவ்வங்கிகளில் இருக்கவேண்டும். ஆனால் ஹென்றியெற்றா லக்சின் கலங்கள் சென்றது போலன்று. அறிந்து அளித்த சம்மதத்துடனும் பயனில் பங்குடனும் செல்லவேண்டும்.

மூன்றாவது கேள்வி, மருந்து யாரைச் சென்றடைகிறது என்பது. அம்போடெரிசின் என்ற மருந்தை லிப்போசோமில் பொதிந்தால் சிறுநீரகத்துக்கு அது விளைக்கும் தீங்கு பெரிதும் குறைகிறது. இந்த நுண்மருந்து 1990 அளவில் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. பீகாரிலும் வங்காளத்திலும் வறியோரின் மண்குடிசைகளை வாட்டிய காலா அசார் என்னும் கொடிய காய்ச்சலுக்கு அதன் ஒரேயொரு வேளை மருந்து போதுமென்பது, 2010 இல் பீகாரில் நடந்த ஆய்வால் நிலைநாட்டப்பட்டது. நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமடைந்தனர். 2011 இல் உலக சுகாதார நிறுவனம் செய்த உடன்படிக்கையின் பின் அம்மருந்து நன்கொடையாக வரத் தொடங்கியது. 2023 இல் வங்காளதேசம் அந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்த முதல் நாடாயிற்று. நுண்மருந்து ஏழைக்கும் உரியதாகலாம் என்பதற்கு இது சான்று. அதற்கு இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதும் சான்றே. மறுபக்கத்தில், 2018 இல் ஓர் அரிய பரம்பரை நோய்க்கு வந்த பதிசிரான் என்ற நுண்மருந்துக்கு ஆண்டொன்றுக்கு நான்கரை இலட்சம் டொலர் விலை குறிக்கப்பட்டது.

ஆகவே கருவி மட்டும் விடுதலை தராது. விலங்குச் சோதனை வந்தபோதும் ஏழையின் உடல் சோதனைக்களமாவது நிற்கவில்லை. கல வளர்ப்பு வந்தபோது அவ்வுடலின் துணுக்கும் சரக்காயிற்று. சிற்றுறுப்பு இவ்வரலாற்றை மாற்றக்கூடிய கருவி என்பதை நாம் மனமார வரவேற்கிறோம். அது தோட்டக்காரனின் மகனுக்குப் பதிலாகத் தட்டிலிருக்கும் கடுகளவு இழையத்தை முன்னிறுத்துகிறது. மனித அறிவின் மாண்புக்கு இது தக்க சான்று. அந்த அறிவு பொதுவுடைமையாக இருக்கவேண்டும். சிற்றுறுப்பை வளர்க்கும் முறைகள் ஆக்கவுரிமை வேலிக்குள் அடைபடாமல், நம்மைப் போன்ற நாடுகளின் பல்கலைக்கழகங்களிலும் அரசாங்க ஆய்வுகூடங்களிலும் கைவரவேண்டும். சோதனை முடிவுகள், தோல்விகள் உட்பட, மறைக்கப்படாமல் வெளிவரவேண்டும். ஆசிரியர்கள் ஜென்னரைக் கற்பிக்கும் வகுப்பிலேயே ஜேம்ஸ் பிப்சையும் கற்பிக்கட்டும். ஹீலாக் கலத்தை நுணுக்குக்காட்டியில் காட்டும்போது அப்பெண்ணின் முழுப் பெயரையும் சொல்லட்டும். யாருடைய உடலில் சோதித்தார்கள், யாருக்கு மருந்து கிடைத்தது என்று ஒவ்வொரு மருந்தைப் பற்றியும் கேட்கப் பழகிய மாணவ தலைமுறை, நாளைய ஆய்வுகூடங்களில் அக்கேள்விக்கு வேறு விடையைத் தேடும் என நாம் நம்புகிறோம்.